பக்கத்து அறைக்கு ஒரு கோழி

கடலை வென்றவனே உலகை வென்றான். யவனர் வந்து மிளகு வாங்கிப் போன காலம் தொட்டுக் கீழ்த்திசை நாடுகளில் புலிக்கொடி நட்ட காலம் வரை, அலைக்கு அஞ்சாத நெஞ்சே தமிழன் நெஞ்சு. அந்த நெஞ்சின் நேர் வாரிசாக, நாமகிரிப்பேட்டை முட்டைப் பண்ணை அதிபர் அப்புசாமி தம் துணைவியார் சௌந்திரத்துடன் உல்லாசக் கப்பல் ஏறவிருக்கிறார் என்று பேருந்து நிலையத்துக்கு எதிரே கட்டியிருந்த ஃபிளெக்ஸ் சொன்னது. வாசகம் அப்புசாமியே எழுதியது. இதற்கு முன் அவர் ஏறிய ஒரே கலம் ஏற்காடு ஏரியில் காலால் மிதிக்கும் வாத்துப் படகு. அதிலும் பாதி ஏரியில் "திருப்பு, திருப்பு" என்று கத்திக் கரைக்கு வந்து, டிக்கெட் கொடுத்தவரைத் திட்டிவிட்டுத்தான் போனார்.

கப்பல் யோசனை அவருடையது அல்ல. சங்ககிரி அர்த்தநாரியுடையது. அர்த்தநாரி லாரி கிளீனராக ஆரம்பித்து லாரி முதலாளியானவர். அப்புசாமியின் முட்டைகள் கேரளாவுக்குப் போனது அவர் வண்டிகளில்தான். முதலாளியான பிறகும் கிளீனர் புத்தி ஒன்று மட்டும் அவரை விடவில்லை. வண்டி கிளம்பலாம் என்பதற்குக் கிளீனர் பக்கப் பலகையில் இரண்டு தட்டுத் தட்டுவான் அல்லவா, அதை அவர் எங்கே போனாலும் செய்வார். கல்யாண மண்டபத்தை விட்டுக் கிளம்பும்போது தூணில் இரண்டு தட்டு. ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்த்துவிட்டு எழும்போது கட்டிலில் இரண்டு தட்டு. டப், டப். போலாம்.

கப்பல் படம் போட்ட தாளை அவர் தன் லாரி ஆபீசு மேஜையில் விரித்து வைத்து, வாங்கப்போகிற வண்டியைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"ஏப்பா அப்பு, இத்தாச்சோட்டுப் பெரிய வண்டி. ஸ்டெப்னி எங்க வெச்சிருக்கான்?"

"கப்பலுக்கு ஏதுடா ஸ்டெப்னி?"

"ஏன், இதா பாரு, மேல வரிசையாப் படகு தொங்குது. ஒண்ணு ரெண்டில்ல. அத்தன தொங்க உட்டிருக்கான்னா ரோடு மோசம்னு அர்த்தம்."

சௌந்திரமும் அர்த்தநாரியின் மனைவி உண்ணாமலையும் சிரித்தார்கள். அப்புசாமி சிரிக்கவில்லை. அர்த்தநாரி அவர் கையை இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

"நாலு பேரும் சேந்துதான். நீ இல்லாம நான் ஏற மாட்டேன். நான் இல்லாம நீ ஏறப்படாது. அடி சத்தியம்."

அப்புசாமி அடித்தார். அர்த்தநாரி மேஜையில் இரண்டு தட்டுத் தட்டினார். சிங்கப்பூரில் இருக்கும் அப்புசாமியின் மகன் நந்தகுமார், கப்பலில் பக்கத்துப் பக்கத்து அறைகளாக இரண்டு போட்டுவிட்டான்.

கப்பலுக்கு ஒரு மாதம் இருக்கையில், காப்பி குடித்த தம்ளரைக் கீழே வைக்காமலே அர்த்தநாரி செத்துப்போனார். நல்ல சாவு என்றார்கள். நாள்தான் நல்ல நாளில்லை. சனிக்கிழமை.

"சனிப் பொணம் தனிப் போகாது" என்றார் அர்த்தநாரியின் பங்காளி சின்னண்ணன். அந்த வளவில் எழவு காரியங்களுக்கு அவர் வைத்ததுதான் சட்டம். "பாடையில உசுரோட ஒரு கோழி கட்டோணும். இல்லீன்னா நெருங்குன ஆளுல ஒருத்தரைத் துணைக்கு இழுத்துக்கும். ஆராச்சும் ஊட்டுக்குப் பின்னால பொடக்காணிக்குப் போயி ஒண்ணு புடியுங்க."

அப்போதுதான் அப்புசாமி கையை உயர்த்தினார்.

"நிறுத்துங்க. லட்சம் கோழி வெச்சிருக்கறவன் நான் இங்க நிக்கறேன். என்ற கூட்டாளி அர்த்தநாரி கூட ஊரான் கோழி போறதா?"

கூட்டம் நெகிழ்ந்தது. யாரோ மூக்கைச் சிந்தினார்கள். அப்புசாமி வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் ஒதுங்கிப் பண்ணை மேலாளர் வேலுசாமிக்குப் போன் போட்டார்.

"எந்தக் கோழிங்க அனுப்பறது?" என்றார் வேலுசாமி.

அப்புசாமி குரலைத் தாழ்த்தினார். "முட்டை நின்னது ஒண்ணு பாத்து அனுப்பு. சுடுகாட்டுக்குப் போறதுக்கு எதுக்கு முட்டையிடற கோழி?"

அக்னி வெயில். நாமகிரிப்பேட்டையிலிருந்து சங்ககிரி வரை அந்தக் கோழி உரச்சாக்குக்குள் மோட்டார் சைக்கிளில் வந்தது. வீட்டுக்குப் பின்னால் வைத்து அப்புசாமி சாக்கைப் பிரித்தபோது அதன் கழுத்து அவர் மணிக்கட்டின் மேல் தொங்கியது. உடம்பு இன்னும் சூடாக இருந்தது, வெயிலின் சூடு. வாசலில் பறை முழங்க ஆரம்பித்துவிட்டது. இப்போது இன்னொரு கோழி கேட்டால், லட்சம் கோழிக்காரன் செத்த கோழி கொண்டுவந்தான் என்ற பேச்சு சங்ககிரி மலை இருக்கும் வரை இருக்கும். அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். கழுத்தை மடக்கி இறக்கைக்குள் சொருகினார். தாமே போய்ப் பாடையின் கால்மாட்டில் கட்டினார்.

"என்ன, கோழி அசையவே காணம்?" என்றார் ஒருவர்.

"பண்ணைக் கோழிங்க" என்றார் அப்புசாமி. "டிசிப்ளின்."

அன்று முதல் அவருக்குத் தூக்கம் போயிற்று. கணக்கு மிகவும் எளிது. அர்த்தநாரி துணையில்லாமல் போயிருக்கிறான். துணைக்கு உண்டான இடம் காலியாக இருக்கிறது. நெருங்கின ஆள் என்றால் உலகத்தில் தன்னைவிட நெருங்கினவர் யார்? சத்தியம் அடித்த கையும் தன்னுடையது. நான் இல்லாம நீ ஏறப்படாது என்றான். ஏறினால் வருவான். வந்தால் கூட்டிக்கொண்டு போவான்.

பயணத்தை நிறுத்திவிடலாம் என்று பார்த்தார். அதற்குள் பண்ணையாளர் சங்கம் வழியனுப்பு விழா வைத்துவிட்டது. சால்வை போட்டார்கள். 'முட்டைச் செம்மல்' என்றார்கள். அந்தப் பட்டம் சும்மா வந்ததல்ல. 'முட்டையில் உயிர் இல்லை. அது தக்காளிக்குச் சமம்' என்று அவர் மேடை மேடையாக முழங்கி, சைவக் குடும்பங்கள் பலவற்றை ஆம்லெட் சாப்பிட வைத்த சாதனைக்கு வந்தது. உண்ணாமலை வேறு, "போயிட்டு வாங்கண்ணா. அவரு ஆசப்பட்ட கப்பல நீங்களாச்சும் பாருங்க" என்று சொல்லிவிட்டாள்.

"பக்கத்து ரூம கேன்சல் பண்ண முடியலப்பா" என்றான் நந்தகுமார், சிங்கப்பூரில் வழியனுப்பும்போது. "பரவால்ல, அது பாட்டுக்குக் காலியாக் கெடக்கும்."

காலியாகக் கிடக்கும் என்ற சொல் அப்புசாமியோடு கூடவே கப்பல் ஏறியது.

சௌந்திரத்துக்குக் கப்பல் முதல் மணி நேரத்திலேயே பிடித்துவிட்டது. சுங்குடிச் சேலைக்குக் கீழே கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு மாடி மாடியாக ஏறி இறங்கினாள். லிஃப்டுக்குள் நின்ற ஒரு பஞ்சாபிக் கிழவியைச் சிநேகம் பிடித்தாள். அவளுக்குத் தமிழ் தெரியாது, இவளுக்கு இந்தி தெரியாது, இருவரும் மருமகள்களைப் பற்றிப் பேசினார்கள். குச்சி ஐஸ் இல்லை, கோன் ஐஸ் இருந்தது. யாரும் எத்தனை என்று கேட்கவில்லை. அப்புசாமி, புறப்படுமுன் எல்லோருக்கும் போடக் கற்றுக்கொடுத்த உயிர்காப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டவர், பயிற்சி முடிந்து எல்லோரும் கழற்றிய பிறகும் கழற்றவில்லை. ஆரஞ்சு நிறத்தில் அதோடேயே சாப்பிடப் போனார்.

மேஜையில் நாலு தட்டு வைத்திருந்தது.

பரிமாறுகிறவர் சட்டையில் 'தமிழரசு' என்று எழுதியிருந்தது. சொந்த ஊர் அயோத்தியாப்பட்டணம் என்றார். அப்புசாமிக்கு அங்கேயே அழுகை வந்துவிடும் போலிருந்தது.

"சார், புக்கிங்ல நாலு பேர் இருக்கு. அவங்களும் வந்துடட்டும், சூப் எடுத்தாரேன்."

"அவுங்க வரமாட்டாங்க."

"ஏன் சார், உடம்பு சரியில்லயா?"

செத்துப்போனான் என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் காதில் விழுந்துவிடும் என்று தோன்றியது. யார் காதில் என்று அவர் யோசிக்க விரும்பவில்லை.

"ஆமா" என்றார். "உடம்பு சரியில்ல."

இது போதாதா? தமிழரசு நல்ல மனிதர். உடம்பு சரியில்லாத ஊர்க்காரர் எந்த நேரத்திலும் எழுந்து வரலாம் என்று வேளாவேளைக்கு அந்த இடத்தில் தட்டு வைத்தார், தண்ணீர் ஊற்றினார், துணியை விசிறி மாதிரி மடித்து வைத்தார். மறுநாள் மதியம் அப்புசாமி கவனித்தபோது, எதிர் நாற்காலிக்கு முன்னால் இருந்த தம்ளரில் தண்ணீர் பாதிக்குக் குறைந்திருந்தது. கப்பல் ஆடினால் தண்ணீர் சிந்தும்தான். ஆனால் மேஜைத் துணி நனையவில்லை.

"நீயா குடிச்ச?"

"எனக்கு முன்னாலதான் ஜூஸ் இருக்குதுல்ல" என்றாள் சௌந்திரம்.

அன்று பிற்பகல் அவள் நீச்சல் குளத்தில் காலைத் தொங்கப்போடப் போய்விட்டாள். அப்புசாமி அறையில் தனியாகப் படுத்திருந்தார். வெளியே நல்ல வெயில். கண்ணாடிக்கு அப்பால் கடல் ஒரு குறியும் இல்லாமல் கிடந்தது; ஒரு பனைமரம் இல்லை, ஒரு கரட்டுக் குன்று இல்லை, எந்தப் பக்கம் ஊர் என்று கைகாட்ட ஒன்றுமில்லை. ஏசி மட்டும் மூச்சு விட்டது. நாமக்கல் பக்கத்துப் பகல் இப்படி இருக்காது. எங்கேயாவது ஒரு கோழி கொக்கரித்துக்கொண்டே இருக்கும்.

தலைமாட்டுச் சுவரில், பக்கத்து அறையிலிருந்து, தட்டும் சத்தம் கேட்டது.

டப், டப்.

அவசரமில்லாத தட்டு. உள்ளங்கையை விரித்துத் தட்டுகிற தட்டு. அப்புசாமி மூச்சை அடக்கினார். அவர் படுத்திருந்த கட்டில் லேசாக அதிர்ந்து அடங்கியது. மூன்றாவது தட்டு வரவில்லை. கிளீனர் மூன்றாவது தட்டுத் தட்டினால் வண்டியை நிறுத்தச் சொல்கிறான் என்று அர்த்தம். இவன் நிறுத்தச் சொல்லவில்லை.

அவர் நடைபாதைக்கு ஓடினார். ஒரே மாதிரிக் கதவுகள், ஒரே மாதிரிக் கம்பளம், இரண்டு பக்கமும் ஆள் இல்லை. பக்கத்து அறைக் கதவடியில் கம்பளம் ஈரமாக இருந்தது.

சௌந்திரத்திடம் சொன்னபோது அவள் காலைத் துவட்டிக்கொண்டே, "கப்பல்னா சத்தம் வரத்தான் செய்யும். நம்மூட்டு மோட்டாரு ரூமுல வராத சத்தமா?" என்றாள்.

மறுநாள் காலைச் சாப்பாட்டுக்குப் போய்விட்டு வந்து கதவைத் திறந்தார்கள். அறையைச் சுத்தம் செய்கிறவர் தினமும் வெள்ளைத் துண்டுகளை மடித்து யானை, குரங்கு என்று ஏதாவது செய்து படுக்கையில் வைத்துவிட்டுப் போவார். அன்றைக்கு ஒரு பறவை. அன்னம் செய்ய நினைத்திருக்கலாம். மடிப்புத் தளர்ந்து கழுத்து ஒரு பக்கமாகச் சரிந்து, இறக்கைக்குள் சொருகியது போலக் கிடந்தது.

அப்புசாமி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். இப்படி ஒரு கழுத்தை உலகத்தில் ஒரே ஒருவர்தான் மடக்கினார்.

மதியம் தமிழரசு குனிந்து மெதுவாகக் கேட்டார். "சார், தப்பா நெனச்சுக்காதீங்க. உங்க ஃபிரண்டு ரூம்ல ஆளே ஏறலன்னு லிஸ்ட்ல இருக்காம். ஆனா ரூம் பாக்கற பையன் தெனமும் துண்டு நனஞ்சு கெடக்குதுங்கறான். அவரு வந்திருக்காரா, வரலியா?"

"வந்திருக்கறாப்லதான் தெரியுது" என்றார் அப்புசாமி.

கடைசி நாள் சாயங்காலம், மேல்தளத்து நாற்காலியில் வைத்து அவர் மனைவியிடம் உடைந்தார்.

"சௌந்திரம், அந்தக் கோழி உசுரோட இல்ல."

"எந்தக் கோழி?"

"பாடையில கட்டுனது. சாக்குலயே செத்துருச்சு. கழுத்த மடக்கி நாந்தான் கட்டுனேன். அவன் தனியாப் போயிருக்கறான். இப்ப என்னையக் கூப்பட வந்திருக்கறான். நாளைக்கு நான் கரை எறங்க மாட்டேன், பாத்துக்க."

சௌந்திரம் கோன் ஐஸின் ஓரத்தை நக்கினாள்.

"ஏனுங்க, அர்த்தநாரி அண்ணனுக்கு உங்கள உட்டா வேற ஆளே கெடைக்கலியாக்கும்?"

"வெளையாடாத புள்ள. சத்தியம் அடிச்சவன் நானு."

"அந்தண்ணன் லாரியில எத்தன பேரு ஏறிப் போயிருக்கறாங்க. துணைக்கு ஆள் தேடற ஆளா அவரு?"

அப்புசாமி எழுந்து தமிழரசைத் தேடிப் போனார்.

"ஏப்பா, எனக்கொரு கோழி வேணும்."

"கிரில்லா சார், ஃப்ரையா?"

"உசுரோட."

தமிழரசு அவருடைய ஆரஞ்சுச் சட்டையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். "சார், இந்தக் கப்பல்ல உசுரோட ஏறுனது மனுசங்க மட்டுந்தான்" என்றார். பிறகு தன் சொல்லைத் தானே ஒரு முறை நினைத்துப் பார்த்தவர் போல, நாலாவது தட்டு இருந்த மேஜைப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அறைக்குள் நுழைந்ததும் சுவர் தட்டியது. டப், டப். இந்த முறை அருகில். காதோடு.

கோழி இல்லை. கோழிக்குப் பதில் என்ன? அப்புசாமி சௌந்திரத்தின் கைப்பையைக் கவிழ்த்தார். சீப்பு, திருநீற்றுப் பொட்டலம், சாப்பாட்டுக்கூடத்துக் காகிதத் துணியில் சுற்றிய ஒரு முட்டை. அவர் முட்டையைக் கையில் எடுத்தார். எடுத்ததும் மேடை மேடையாகப் பேசிய தன் குரல் மைக்கில் கேட்பது போலக் கேட்டது: முட்டையில் உயிர் இல்லை. தக்காளிக்குச் சமம்.

அவர் மேல்தளத்துக் கைப்பிடிக் கம்பி வரை ஓடினார். சூரியன் விழுந்துகொண்டிருந்தது. கீழே தண்ணீர் சாணி மெழுகிய தரை மாதிரி கருத்து அசைந்தது. பக்கத்தில் யாரோ கம்பியில் கை வைத்து நிற்பது போல் அந்தப் பக்கத்துக் காற்று மட்டும் படவில்லை. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"அர்த்தநாரி" என்றார். "இதுக்குள்ள உசுரு இருக்குதப்பா. நான் சொன்னதெல்லாம் பொய்யி. யாவாரத்துக்குச் சொன்னது. உசுரு இருக்குது. இத வெச்சுக்கிட்டு என்னைய உட்டுரு."

முட்டையை எறிந்தார். விழுந்த சத்தம் கேட்கவில்லை. இவ்வளவு பெரிய கடல் ஒரு முட்டைக்கெல்லாம் சத்தம் போடாது. காற்று மறுபடி முகத்தில் பட்டது. சுவர் அதற்குப் பிறகு தட்டவில்லை. அப்புசாமி அன்று குறட்டை விட்டுத் தூங்கினார், ஆரஞ்சுச் சட்டையோடு.

காலையில் சிங்கப்பூர் தெரிந்தது. பெட்டியை இழுத்துக்கொண்டு அப்புசாமி முதல் ஆளாக லிஃப்டுக்குப் போய்விட்டார். சௌந்திரம் பின்னால் நடந்தாள். பக்கத்து அறைக் கதவு முன்னால் நின்றாள். உள்ளங்கையை விரித்து இரண்டு தட்டுத் தட்டினாள்.

"வாங்கண்ணா, எறங்கலாம். கரை வந்துருச்சு."

உள்ளே ஒரு தம்ளர் கீழே வைக்கும் சத்தம். பிறகு கதவின் அந்தப் பக்கத்திலிருந்து, டப், டப்.

அவள் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு லிஃப்டுக்கு நடந்தாள். அப்புசாமி எதுவும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

ஊரில் 'கடல் கொண்ட கோமானே வருக' என்று புது ஃபிளெக்ஸ் வைத்திருந்தார்கள். கொண்டதா, கண்டதா என்று கேட்க யாருக்கும் தைரியமில்லை. வரவேற்பு விழாவில் அப்புசாமி, புயல் இல்லாத கடலில் தாம் கண்ட புயலைப் பற்றிப் பேசினார். மறுவாரம் சௌந்திரத்தோடு சங்ககிரிக்குப் போனார். உண்ணாமலை காப்பி கொண்டுவந்தாள். சின்னண்ணனும் வந்து உட்கார்ந்திருந்தார். அப்புசாமி தொண்டையைச் செருமினார். செத்த கோழியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும் என்று முடிவெடுத்துத்தான் வந்திருந்தார். ஆனால் தாமே அதற்குப் பரிகாரமும் செய்து முடித்த பெருமையோடு.

"தங்கச்சி, ஒரு விசயம். அன்னிக்குப் பாடையில கட்டுன கோழி..."

"செத்ததுதானுங்களே" என்றாள் உண்ணாமலை.

அப்புசாமி காப்பித் தம்ளரைக் கீழே வைத்தார்.

"ஊருக்கே தெரியுமுங்க" என்றார் சின்னண்ணன். "ஈ மொச்சுக்கிட்டு இருந்துச்சு. நீங்க பெரிய மனுசரு, சபையில கேட்டா நல்லா இருக்குமா? பொடக்காணியில உசுரோட ஒரு சாவக்குஞ்சு புடிச்சாந்து அந்தப் பக்கமாக் கட்டி உட்டோம். அது பாட்டுக்குக் கத்திக்கிட்டே போச்சு. பறைச் சத்தத்துல உங்களுக்குக் கேட்டிருக்காது."

"அப்ப அவன் தனியாப் போகலியா?"

"எங்கீங்க தனியாப் போறாரு? ஜம்முனு போனாரு."

"அப்பறம் எதுக்கு என்ற பின்னாலயே கப்பலுக்கு வந்தான்?" அப்புசாமியின் குரல் உயர்ந்தது. "தண்ணி குடிச்சான், செவுத்தத் தட்டுனான், துண்ட நனைச்சான். என்னையக் கூட்டிக்கிட்டுப் போகத்தான வந்தான்?"

உண்ணாமலை முறுக்குத் தட்டை அவர்கள் பக்கம் நகர்த்தினாள். கண் ஓரத்தைத் துடைத்துக்கொண்டாள். முகத்தில் பயமில்லை, ஒரு சிரிப்பு வந்து போனது.

"உங்க பின்னால எங்கீங்கண்ணா வந்தாரு? ரூம் போட்டிருந்தாருல்ல. ஆசப்பட்ட மனுசன். கப்பல் பாக்க வந்திருப்பாரு."

சௌந்திரம் தலையை ஆட்டினாள். தட்டில் இருந்த முறுக்கை உடைத்தாள்.

தம்மைத் தேடி யாரும் வரவில்லை என்பது அப்புசாமிக்குச் சாவைவிடக் கஷ்டமாக இருந்தது. அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அதெப்படி? நான் முட்டை குடுத்ததுக்கு அப்பறந்தான் செவுரு அடங்குச்சு. உசுருள்ள முட்டை. என்ற கையால கடல்ல உட்டேன். அதுலதான் அவன் சாந்தியானான்."

"எந்த முட்டைங்க?" என்றாள் சௌந்திரம். "எம்பட பையில இருந்ததா? காணமேன்னு நான் தேடிக்கிட்டல்ல இருந்தேன். அது சாயந்தரம் திங்க எடுத்து வெச்சது."

அது அவித்த முட்டை. முட்டை வியாபாரத்திலேயே தலை நரைத்த அப்புசாமி, அதைக் கையில் வைத்திருந்தும் கண்டுபிடிக்கவில்லை.